சிபேப் இயந்திரத்துடன் முதல் மாதம்: சிங்கப்பூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் அப்னியா உள்ளவர்களுக்குத் தரப்படும் சிபேப் (CPAP) இயந்திரம் வீட்டுக்கு வந்த அன்றிரவே அதை மாட்டிக்கொண்டு விடியும்வரை தூங்கிவிட வேண்டும் என்று எந்த மருத்துவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பெட்டியைப் பிரிக்கிறார்கள், படுக்கப் போகும்போது மாஸ்க்கை முகத்தில் கட்டிக்கொள்கிறார்கள், விளக்கை அணைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டுவதுபோல் இருக்கிறது, கழற்றி வைத்துவிடுகிறார்கள். மறுநாளும் அப்படியே. பிறகு இயந்திரம் அலமாரிக்குப் போய்விடுகிறது.

நானும் பல ஆண்டுகளாக இதைப் போட்டுத்தான் தூங்குகிறேன். உறவினர், நண்பர் என்று பலர் பழகுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பாதியில் விட்டவர்களிடம் பொறுமை குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாஸ்க் அளவு, காற்றின் அழுத்தம், ஈரம், மூக்கடைப்பு ஆகிய நான்கில் ஏதோ ஒன்று சரியில்லாமல் இருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் 'எனக்கு இது ஒத்துவரவில்லை' என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான்குமே சரிசெய்யக்கூடியவை.

ஸ்லீப் அப்னியா என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை விழித்து மூச்சை மீட்கிறது. இது இரவெல்லாம் திரும்பத் திரும்ப நடக்கிறது. குறட்டை, காலைத் தலைவலி, பகலில் தூங்கி வழிதல், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் எல்லாம் இதோடு சேர்ந்து வரக்கூடியவை. சிங்கப்பூர்ப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இது மிதமாகவோ கடுமையாகவோ இருப்பதாக 2016இல் வெளியான உள்ளூர் ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. உடல் பருமன் உள்ளவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். தாடையின் அமைப்பால் ஒல்லியானவர்களுக்கும் வரும்.

சிபேப் இயந்திரம் காற்றை மெல்லிய அழுத்தத்தில் உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். துவண்டு கிடக்கும் தோட்டக் குழாயில் தண்ணீர் திறந்ததும் அது விறைத்துக்கொள்வதுபோல், அந்த அழுத்தத்தில் தொண்டை திறந்தே இருக்கும். இது ஆக்சிஜன் இயந்திரம் அன்று. உள்ளே போவது உங்கள் அறைக் காற்றுதான். 'ஆக்சிஜன் வைக்கும் அளவுக்கு ஆகிவிட்டதா' என்று வீட்டுப் பெரியவர்கள் கலங்கினால் முதலில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன்

பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். உங்கள் குடும்ப மருத்துவரிடமிருந்தும் தொடங்கலாம், முன்பதிவு செய்யும்போது மானியம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கப் பரிசோதனை மருத்துவமனையில் ஓரிரவு தங்கிச் செய்வதாக இருக்கலாம், வீட்டிலேயே சிறு கருவியைக் கட்டிக்கொண்டு செய்வதாகவும் இருக்கலாம். முடிவில் ஏ.எச்.ஐ. என்று ஓர் எண் தருவார்கள். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது அல்லது குறைந்தது என்பதன் சராசரி அது. 5 முதல் 15க்குள் என்றால் லேசானது, 15 முதல் 30 வரை மிதமானது, 30க்கு மேல் கடுமையானது. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பலிக்கிறதா என்று பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இயந்திரத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேலும் ஆகலாம் என்பதால் உடனே வாங்கிவிடாதீர்கள். சில வாரம் வாடகைக்கோ சோதனைக்கோ தருவார்களா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: 'இந்த மாஸ்க் சரிப்படவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளுக்குள்?' என்னைக் கேட்டால், இயந்திரத்தின் விலையில் நூறு வெள்ளி கூடினாலும் மாஸ்க்கை மாற்றித் தருகிற இடத்தில்தான் வாங்குவேன். பணம் நெருக்கடி என்றால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கக் கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். சத்தத்தை அடக்க உள்ளே வைத்த நுரை சிதைந்து துகள்கள் மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்பதால், 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல மாடல்களை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அத்தகைய மாடல் எவர் கையிலாவது இன்னும் இருக்கலாம். அதோடு, அடுத்தவருக்கு அமைத்த அழுத்தம் உங்களுக்குப் பொருந்தாது.

தூங்குவதற்கு முன் விழித்திருந்து பழகுங்கள்

முதல் சில நாள் படுக்கையறைக்குப் போகவே வேண்டாம். மாலையில் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து, தொலைக்காட்சியில் வசந்தம் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது மாஸ்க்கை மட்டும் மூக்கின்மேல் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டை கட்ட வேண்டாம், இயந்திரத்தையும் மாஸ்க்கையும் இணைக்கும் டியூப்பும் வேண்டாம். வேண்டாம் என்று தோன்றியதும் எடுத்துவிடலாம் என்பதை மனம் முதலில் அறியட்டும். அது பழகியதும் பட்டையைக் கட்டுங்கள். பிறகு டியூப்பை மாட்டி இயந்திரத்தை ஓடவிடுங்கள். வாயை மூடி மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது எதிர்க்காற்று தடுப்பதுபோல் இருக்கும். எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும். நீங்களாக வேகமாக மூச்சு விட்டு அதனோடு போட்டி போடாமல் இருந்தால் சில நிமிடங்களில் அந்த உணர்வு தணிந்துவிடும்.

இருபது, முப்பது நிமிடம் பதற்றமில்லாமல் உட்கார முடிந்த பிறகு ஒரு மதியத் தூக்கத்துக்குப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் இரவு.

இரவில் தூக்கத்தில் உங்களை அறியாமல் மாஸ்க்கைக் கழற்றியிருந்தால், விழித்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். 'நான்கு மணி நேரம் போட்டால் போதும்' என்று பலர் சொல்வார்கள். அது ஒழுங்காகப் பயன்படுத்துகிறீர்களா என்று கணக்குப் பார்க்க வைத்த குறைந்தபட்ச அளவு மட்டுமே. கனவு வரும் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், அப்போதுதான் தொண்டை அதிகம் தளர்ந்து மூச்சுத் தடையும் பலருக்கு மோசமாகிறது. முன்னிரவில் மட்டும் போட்டால் அந்த மோசமான பகுதிக்கு மருந்தில்லாமல் போகிறது.

மாஸ்க்: நேரம் செலவிட வேண்டிய இடம்

மூன்று வகை உண்டு. மூக்கை மட்டும் மூடுவது, மூக்கின் அடியில் துளைகளின் விளிம்பில் மட்டும் உட்காருவது, மூக்கு வாய் இரண்டையும் மூடுவது. மூக்கால் மூச்சு விட முடிகிறவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றே எளிது. 'வாய் திறந்து தூங்குகிறேன், அதனால் பெரிய மாஸ்க்தான்' என்று அவசரப்பட வேண்டாம். மூக்கடைப்பு தீர்ந்ததும் வாய் தானாக மூடிக்கொள்வதும் உண்டு.

கடையில் நிமிர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்து வாங்குவது போதாது. படுக்கும்போது கன்னத்துச் சதை பின்னால் சரியும், முகத்தின் வடிவமே மாறும். ஆகவே வீட்டில் இப்படிச் செய்யுங்கள். மல்லாந்து படுத்து இயந்திரத்தை ஓடவிடுங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து நேராக முன்பக்கம் லேசாக இழுத்து, அதன் சிலிக்கன் விளிம்பு காற்றில் உப்பியதும் மெல்ல முகத்தில் விடுங்கள். காற்று கசிந்தால் உடனே பட்டையை இறுக்காதீர்கள். விளிம்பைச் சுற்றிலும் விரல் நுனியை நகர்த்தி எங்கே கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். கண் ஓரத்தில் என்றால் மேல் பட்டையை இரு பக்கமும் ஒரே அளவு சரிசெய்யுங்கள். மேலுதட்டருகே என்றால் கீழ்ப் பட்டை. பிறகு இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு விரல் சுலபமாக நுழைய வேண்டும். காலையில் மூக்குத் தண்டு சிவந்து வலித்தால் ஒன்று இறுக்கம் அதிகம், இல்லையேல் அளவு தவறு. தோல் புண்ணாகும்வரை பொறுத்துக்கொள்ளாமல் மாற்றக் கேளுங்கள்.

கசிவுக்கு நம் வீடுகளில் நான் பார்க்கும் பெரிய காரணம் எண்ணெய். தலைக்குத் தடவிய தேங்காய் எண்ணெய் நெற்றியில் இறங்கியிருக்கும், முகத்தில் இரவு கிரீம் இருக்கும். சிலிக்கன் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள், நெற்றியில் திருநீறு இருந்தால் அதையும்.

மூக்குத்தி அணிகிற பெண்களுக்குத் தனியாக ஒன்று. எங்கள் புளோக்கில் ஓர் அக்காவுக்கு மாஸ்க்கின் வலப்பக்கம் மட்டும் ஓயாமல் கசிந்தது. விளிம்பு மூக்குத்தியின் கல்மேல் ஏறி நின்றதுதான் காரணம். கழற்ற அவருக்கு மனமில்லை, கழற்றச் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை. மூக்கின் அடியில் மட்டும் உட்காரும் வகைக்கு மாறியதும் கசிவு நின்றது. மூக்கு மடல் முழுவதும் திறந்திருக்கும் வகை எது என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அடர்ந்த மீசை வைத்திருக்கும் ஆண்களுக்கும் துளையில் பொருந்தும் வகை பெரும்பாலும் நன்றாக இருக்கும். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் பட்டை உட்காரும் பின்தலையில் கொண்டை போடாமல், தாழ்வாகப் பின்னி ஒரு பக்கம் விட்டுக்கொண்டால் பட்டை நழுவாது.

சில மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் உண்டு. உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருந்தால் காந்தமில்லாத வகைதான் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

காற்று போதவில்லை, காற்று அதிகம்

அழுத்தத்தை நீர் செ.மீ. கணக்கில் சொல்வார்கள். பெரும்பாலான இயந்திரங்கள் 4 முதல் 20 வரை தரும். தூங்கும்வரை குறைவாக வைத்துப் பிறகு படிப்படியாகக் கூட்டும் 'ராம்ப்' வசதி இருக்கும். மூச்சு முட்டுகிறது என்று சொல்கிறவர்கள் அழுத்தம் கூடுதல் என்றே நினைப்பார்கள். பல நேரம் உண்மை நேர்மாறு: 4இல் தொடங்கும் காற்று அவர்களுக்குப் போதவில்லை. தொடக்க அழுத்தத்தைச் சற்றுக் கூட்டியதும் அந்தத் திணறல் போய்விடும். மூச்சை விடும்போது மட்டும் அழுத்தத்தைத் தணிக்கும் அமைப்பும் உண்டு. இவற்றை மருத்துவமனைத் தூக்க ஆய்வகத்திலோ வாங்கிய இடத்திலோ சொன்னால் சரிசெய்து தருவார்கள். சிகிச்சை அழுத்தத்தை இணையத்தில் பார்த்து நீங்களே மாற்றாதீர்கள்.

வயிறு உப்புசம், ஏப்பம் இருந்தால் காற்றை விழுங்குகிறீர்கள் என்று பொருள். இடப்பக்கம் ஒருக்களித்து, தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திப் படுத்துப் பாருங்கள். தொடர்ந்தால் அழுத்தத்தைப் பரிசீலிக்கச் சொல்லுங்கள்.

ஏர்கானும் ஈரமும்

வெளிநாட்டு வழிகாட்டிகள் குளிர்நாட்டு வறண்ட காற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். சன்னலைத் திறந்து மின்விசிறியில் தூங்குகிறவர்களுக்கு, இயந்திரம் அனுப்பும் காற்றில் ஈரம் சேர்க்கும் ஈரமூட்டியைக் குறைவாக வைத்தால் போதும், சிலருக்கு அணைத்தே வைக்கலாம். ஏர்கான் போட்டுத் தூங்கினால் கதை வேறு. ஏர்கான் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். காலையில் தொண்டை வறண்டு, மூக்கு எரிந்தால் ஈரமூட்டியை ஒரு படி கூட்டுங்கள்.

கூட்டினால் இன்னொரு தொல்லை வரும். இயந்திரத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த டியூப்பில் பட்டு நீராக மாறும். நடு இரவில் டியூப்பில் களகளவென்று சத்தம் கேட்கும், மூக்கில் தண்ணீர் தெறிக்கும். பலர் இயந்திரம் பழுது என்று பயந்துவிடுவார்கள். பழுது இல்லை. ஏர்கானை 25, 26 டிகிரிக்கு ஏற்றுங்கள், அதன் காற்று டியூப்பின்மேல் நேராக அடிக்காமல் திருப்புங்கள், டியூப்பைப் போர்வைக்குள் கொண்டு வாருங்கள் அல்லது துணி உறை போடுங்கள். இயந்திரத்தைத் தலைமாட்டைவிடத் தாழ்வான இடத்தில் வைத்தால் தேங்கும் நீர் முகத்துக்கு வராமல் திரும்பிப் போகும். இவ்வளவும் செய்து நிற்கவில்லை என்றால் சூடேறும் டியூப் வாங்குவது நல்ல செலவு.

ஈரமூட்டியின் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். நம் குழாய் நீர் குடிக்க நல்லதுதான், ஆனால் தாது உப்பு தொட்டியில் வெள்ளையாகப் படியும். பேரங்காடிப் போத்தல்களில் காய்ச்சி வடித்தது என்று அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மினரல் வாட்டர் வேண்டாம். மிஞ்சிய நீரைத் தினமும் காலையில் கொட்டிவிடுங்கள்.

மூக்கு திறந்திருக்க வேண்டும்

சிங்கப்பூரில் காலைத் தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் தூசுப்பூச்சி பெரிய காரணம். தலையணை உறை, போர்வையை வாரம் ஒரு முறை சூடான நீரில் துவையுங்கள். படுக்கும் முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பலருக்கு நல்ல பலன் தரும். கொதிக்கவைத்து ஆறிய நீரைத்தான் இதற்குப் பயன்படுத்த வேண்டும். அப்படியும் அடைப்பு இருந்தால் மருத்துவரிடம் மூக்குத் தெளிப்பு மருந்து கேளுங்கள். மூக்கு அடைத்திருக்கும்போது எந்த மாஸ்க்கும் வேலை செய்யாது.

சாம்பிராணி, ஊதுபத்தி புகையைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் அறைக் காற்றைத்தான் இழுக்கிறது. பின்பக்கம் இருக்கும் வடிகட்டியை மாதம் ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறமாகியிருந்தால் மாற்றும் நேரம். இந்தோனேசியக் காட்டுத்தீயால் புகைமூட்டம் வரும் மாதங்களில் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கழுவுதல், காய வைத்தல்

முகத்தில் படும் பகுதியைத் தினமும், டியூப்பையும் தொட்டியையும் வாரம் ஒரு முறை, மிதமான சூட்டு நீரில் மணமில்லாத லேசான பாத்திரச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். டெட்டால், பிளீச் வேண்டாம். துணி காய வைக்கும் மூங்கில் கழியில் வெயில் படத் தொங்கவிடாதீர்கள், வெயிலில் சிலிக்கனும் பிளாஸ்டிக்கும் கெட்டுவிடும். குளியலறைக் கதவுக்குப் பின்னால் நிழலில் தொங்கவிடலாம். ஓசோன் வைத்துச் சுத்தம் செய்யும் கருவிகளை விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அவை தேவையில்லை, ஓசோன் நுரையீரலுக்குக் கேடு.

வீட்டாரும் வேலையும்

சத்தத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இந்த முறையைக் கண்டறிந்து 1981இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். அந்த முதல் இயந்திரங்களுக்குத் தூசி உறிஞ்சியின் மோட்டார்தான் காற்றைத் தந்தது, மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் பசை போட்டு மூக்கில் ஒட்டினார்கள். இன்றைய இயந்திரங்களின் சத்தம் பொதுவாக 30 டெசிபலுக்கும் கீழே. மின்விசிறிச் சத்தத்தில் அது கேட்காது. மாஸ்க்கின் முன்பக்கத் துளைகளிலிருந்து எப்போதும் காற்று வரும். நீங்கள் விடும் கரிவளி வெளியேற அது வேண்டும், போர்வையால் மூடாதீர்கள். அந்தக் காற்று பக்கத்தில் இருப்பவர் முகத்தில் அடித்தால் திரும்பிப் படுங்கள்.

மனைவியோ கணவரோ முதல் மாதத்தில் பெரிய துணை. நீங்கள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் குறட்டை விடுவது அவருக்குத்தான் தெரியும். 'எழுப்பிப் போடச் சொல்லு, கோபித்துக்கொள்ள மாட்டேன்' என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பாதுகாவல், தாதிமை, பேருந்து ஓட்டுதல் என்று இரவு வேலை பார்ப்பவர்கள் பகல் தூக்கத்துக்கும் இயந்திரத்தைப் போட வேண்டும். சோபாவில் போடும் குட்டித் தூக்கத்திலும் மூச்சு அடைபடத்தான் செய்யும். வாகனம் ஓட்டுகிறவர்கள் பகல் தூக்கக் கலக்கம் தீராதவரை அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. இது உங்கள் உயிர் மட்டும் சம்பந்தப்பட்டதில்லை. மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளரவைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும், சிறியதாக இருந்தாலும், மயக்க மருந்து நிபுணரிடம் உங்களுக்கு ஸ்லீப் அப்னியா இருப்பதைச் சொல்லுங்கள். இயந்திரத்தையும் மாஸ்க்கையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

மறுசந்திப்பு

முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு முறை தூக்க ஆய்வகத்தையோ விற்றவரையோ அழைத்துப் பேசுங்கள், பிரச்சினை சிறிதாக இருந்தாலும். இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு கசிந்தது, மூச்சு எத்தனை முறை தடைபட்டது எல்லாம் பதிவாகியிருக்கும். இயந்திரத்தோடு இருக்கும்போது ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே இருப்பது நல்ல அடையாளம். தினமும் காலையில் அந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், ஒரு நாள் கூடும், மறுநாள் குறையும். வாரச் சராசரியைப் பாருங்கள். எண் நன்றாக இருந்தும் பகலில் தூக்கம் வழிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு காரணம் இருக்கலாம்.

ஊருக்குப் போகும்போது

சென்னைக்கோ திருச்சிக்கோ போகும்போது 'பத்து நாள்தானே' என்று விட்டுப்போகாதீர்கள். சில இரவுகளிலேயே குறட்டையும் பகல் தூக்கமும் திரும்பிவிடும். இயந்திரத்தைக் கைப்பையில் கொண்டு போங்கள், பெட்டிக்குள் போட்டு அனுப்ப வேண்டாம். தொட்டியைக் காலி செய்து உலர்த்திய பிறகே பையில் வையுங்கள், நீர் உள்ளே கவிழ்ந்தால் மோட்டார் கெட்டுவிடும். மருத்துவர் கடிதத்தின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். விமானத்திலேயே பயன்படுத்துவதாக இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்பே சொல்லுங்கள்.

பெரும்பாலான இயந்திரங்களின் மின் இணைப்பு 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், ஆகவே மின்மாற்றி தேவையில்லை. ஆனால் நம் சதுரக் கால் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். கட்டிலருகே பிளக் பாயிண்ட் இருக்காது என்று வைத்துக்கொண்டு நீட்டிப்புக் கம்பி ஒன்றும் எடுத்துப் போங்கள். கரண்டு போனால் பயப்பட வேண்டியதில்லை. மூக்கு வாய் இரண்டையும் மூடும் மாஸ்க்கில் காற்று நின்றதும் தானாகத் திறக்கும் வால்வு இருக்கும், மற்றவற்றில் வாயால் மூச்சு விடலாம். கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுங்கள், கரண்டு வந்ததும் மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் படுக்கையறைப் பாயிண்ட் அதில் சேர்ந்திருக்கிறதா என்று போவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு வையுங்கள்.